இணையதளம்: திரையில் அடங்கினால் போதுமா?

கடைக்கோ கம்பெனிக்கோ இணையதளம் செய்து தரச் சொல்லிக் கொட்டேஷன் கேட்டால், வருகிற எல்லாவற்றிலும் ‘ரெஸ்பான்சிவ் டிசைன்’ என்ற வரி இருக்கும். மிகக் குறைந்த விலை சொல்பவரும் அதை எழுதுகிறார்; பல மடங்கு கேட்பவரும் அதையே எழுதுகிறார். போன், டேப்லெட், கம்ப்யூட்டர் என எந்தத் திரையில் திறந்தாலும் பக்கம் அதற்கேற்பத் தன்னை அடுக்கிக்கொள்ளும் என்பதுதான் அதன் பொருள். எல்லாரும் தருகிற குறைந்தபட்சத் தகுதியாக அது ஆகிவிட்டதால், அதை வைத்து யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. தேர்வுக்கு வேறோர் அளவுகோல் தேவை. வாடிக்கையாளர் கையில் இருக்கும் சாதாரண போனில், அவருக்குக் கிடைக்கும் சிக்னலில், அவர் வந்த வேலை தடங்கலின்றி முடிகிறதா? இந்தக் கேள்வியை வைத்து ஒவ்வொரு வழியையும் எடைபோட்டால், பெரும்பாலான தொழில்களுக்குச் சுமை குறைந்த ஒரே ரெஸ்பான்சிவ் தளம் போதும் என்பதும், மற்ற வழிகளில் இறங்கத் தனிக் காரணம் வேண்டும் என்பதும் தெளிவாகும்.

தனி மொபைல் தளமா, ஒரே தளமா?

2007-இல் ஐபோன் வந்த பிறகு பல நிறுவனங்கள் கம்ப்யூட்டருக்கு ஒரு தளம், போனுக்கு வேறொரு முகவரியில் இன்னொரு தளம் என்று இரண்டு வைத்துக்கொண்டன. திரை அளவுகள் பெருகப் பெருக, ஒவ்வொன்றுக்கும் ஒரு தளம் கட்டி மாளாது என்பது புரிந்தது. 2010 மே மாதம் இணைய வடிவமைப்பாளர் ஈதன் மார்காட் ‘எ லிஸ்ட் அபார்ட்’ என்ற இணைய இதழில் எழுதிய கட்டுரைதான் ‘ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்’ என்ற பெயரைத் தந்தது. நெகிழும் கட்டங்கள், நெகிழும் படங்கள், திரையின் அகலத்தை அறிந்து அமைப்பை மாற்றும் மீடியா குவெரி ஆகிய மூன்றையும் சேர்த்தால் ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் பொருந்தும் என்று அவர் காட்டினார். உலக அளவில் இணையப் பயன்பாட்டில் போனும் டேப்லெட்டும் சேர்ந்து கம்ப்யூட்டரை முந்தியதாக, இணையப் பயன்பாட்டை அளக்கும் ஸ்டாட்கவுன்டர் நிறுவனம் 2016 அக்டோபரில் கணக்கிட்டது. கூகுளும் அதே திசையில் நகர்ந்தது. 2015 ஏப்ரல் 21 முதல் மொபைலுக்கு ஏற்ற பக்கங்களுக்கு மொபைல் தேடலில் முன்னுரிமை கொடுத்தது. தளத்தின் மொபைல் வடிவத்தையே முதன்மையாகக் கொண்டு பட்டியலிடப்போவதாக 2016-இல் அறிவித்து, அந்த மாற்றம் நிறைவேறிவிட்டதாக 2023 அக்டோபரில் சொன்னது.

தனி மொபைல் தளத்தின் கதை இதோடு முடிகிறது என்றே கொள்ளலாம். இரண்டு தளங்கள் இருந்தால் விலை மாறும்போது இரண்டிலும் மாற்ற வேண்டும். ஒன்றில் மறந்தால் வாடிக்கையாளரோடு தகராறு. போனில் பார்த்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்பு, கம்ப்யூட்டரில் திறப்பவருக்குக் குறுகிய மொபைல் பக்கமாக நிற்கும். மொபைல் தளத்தைச் சுருக்கமாக வைக்கிறோம் என்று விவரங்களைக் குறைத்தால், குறைத்த விவரங்கள் கூகுள் தேடலுக்கும் எட்டாது. பழைய தனித் தளம் ஓடிக்கொண்டிருந்தால் அதை ஒரே தளமாக இணைக்கத் திட்டமிடுங்கள். புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டாம்.

செயலி எப்போது?

அடுத்த கேள்வி, ‘எல்லாரும் ஆப்பில்தானே இருக்கிறார்கள், நேராக ஆப் செய்துவிடலாமே?’ என்பது. இதற்கு இந்தியாவிலேயே பெரிய பரிசோதனை நடந்திருக்கிறது. 2015-இல் இணைய வணிக நிறுவனமான ஃபிளிப்கார்ட், போனில் பிரௌசர் வழியாக வருபவர்களுக்கான தளத்தை மூடிவிட்டுச் செயலிக்கு அழைத்தது. அதன் கைவசம் இருந்த, உடை விற்கும் மிந்த்ரா அந்த ஆண்டு மே மாதம் கம்ப்யூட்டர் தளத்தையும் மூடிச் செயலி மட்டுமே என்று நின்றது. இரண்டும் திரும்பி வந்தன. ஃபிளிப்கார்ட் 2015 நவம்பரில் ‘ஃபிளிப்கார்ட் லைட்’ என்ற மொபைல் தளத்தைத் திறந்தது. மிந்த்ரா 2016 ஜூனில் கம்ப்யூட்டர் தளத்தை மறுபடி கொண்டுவந்தது. விளம்பரத்துக்குக் கோடிகள் செலவழிக்கக்கூடிய நிறுவனங்களே வாசலை ஒன்றாகச் சுருக்க முடியவில்லை என்றால், ஒரு ஜவுளிக்கடையோ பம்ப் விற்பனையாளரோ அதைச் செய்து பார்க்க வேண்டியதில்லை. செயலியைத் தேடி, இறக்கி, இடம் ஒதுக்கி வைத்துக்கொள்ள வாடிக்கையாளருக்கு ஒரு காரணம் வேண்டும். வாரம் இரண்டு முறை சாப்பாடு வரவழைப்பவருக்கு அந்தக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மோட்டார் வாங்குபவருக்கு இல்லை. ஆகவே செயலியை முடிவுசெய்யும் ஒரே கணக்கு, ஒரே வாடிக்கையாளர் எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்பி வருகிறார் என்பதுதான்.

ஃபிளிப்கார்ட் லைட் காட்டிய வழி தளத்துக்கும் செயலிக்கும் நடுவில் உள்ளது. அதைப் புரோகிரெசிவ் வெப் ஆப் என்கிறார்கள். பிரௌசரில் திறக்கும் தளம்தான். ஆனால் போனின் முகப்பில் ஐகானாக வைக்கலாம், சிக்னல் போனாலும் முன்பு பார்த்த பக்கங்கள் திறக்கும்படி அமைக்கலாம், அறிவிப்பு அனுப்பலாம். ஃபிளிப்கார்ட் லைட்டில் மக்கள் செலவிட்ட நேரம் முன்னைவிட மும்மடங்கானதாகவும், முகப்பு ஐகான் வழியாக வந்தவர்கள் பொருள் வாங்கிய விகிதம் 70 சதவீதம் கூடுதலாக இருந்ததாகவும் கூகுள் வெளியிட்ட ஆய்வுக் குறிப்பு சொல்கிறது. ஐபோனில் இத்தகைய தளங்களுக்கு அறிவிப்பு வசதி 2023 மார்ச்சில்தான் வந்தது. அதுவும் முகப்பில் சேர்த்துக்கொண்டவர்களுக்கு மட்டும். மொத்த வியாபாரிக்கு மாதந்தோறும் ஆர்டர் போடும் சில்லறைக் கடைக்காரர்கள், டியூஷன் சென்டரின் மாணவர்கள் போன்று திரும்பத் திரும்ப வருபவர்கள் இருந்தால் இது பொருத்தம். நல்ல ரெஸ்பான்சிவ் தளத்தின் மேலேயே இதைப் பிறகு சேர்க்க முடியும் என்பதால், முதல் நாளே இதற்குப் பணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை.

எதில் கட்டுவது?

ஒரே தளம் என்று முடிவான பிறகு அதை எதில் கட்டுவது என்பதில் மூன்று வழிகள். விக்ஸ், ஷாப்பிஃபை போன்ற வாடகைத் தளங்களில் ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடம்), பாதுகாப்பு, புதுப்பிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆள் பலம் இல்லாத சிறு கடை இணையத்தில் விற்கத் தொடங்க இதுவே சுலபம். ஆனால் சந்தா நின்றால் கடையும் நிற்கும். கட்டியதை அப்படியே எடுத்துக்கொண்டு வேறிடம் போக முடியாது. இரண்டாவது, வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருள். உலகின் தளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் அதில் ஓடுவதால், ஒருவர் கைவிட்டால் வேலை தெரிந்த இன்னொருவர் கிடைப்பார். அதன் ஆபத்து, தோற்றம் தரும் தீமுக்கு மேல் கூடுதல் வசதி தரும் பிளக்இன், பிளக்இன்னுக்கு மேல் பக்கம் அமைக்கும் பில்டர் என்று அடுக்கி, தளத்தை நகர முடியாதபடி செய்துவிடுவது. புதுப்பிக்காமல் விட்ட பிளக்இன் திருடர்களுக்குத் திறந்த கதவும் ஆகும். மூன்றாவது, அடியிலிருந்து எழுதித் தருவது. தேவையானது மட்டும் இருப்பதால் மிக வேகமாக இருக்கும். எழுதியவர் போய்விட்டால் அடுத்தவர் புரிந்துகொள்வதற்குள் திணறுவார். நேரடியாக விற்கும் சிறு கடைக்கு வாடகைத் தளம். அறிமுகமும் விசாரணையும் மட்டும் வேண்டிய நிறுவனத்துக்கு பிளக்இன் குறைந்த வேர்ட்பிரஸ். முன்பதிவு, கணக்கு, இருப்பு என்று தனக்கே உரிய நடைமுறை உள்ள நிறுவனத்துக்குத் தனியாக எழுதுவது. பொதுவாக இந்தப் பகுப்பு தவறுவதில்லை.

காசு கொடுக்கத் தகுந்த புதுமைகள்

இன்றைய போக்குகளில் எதை ஏற்பது என்பதற்கும் அதே அளவுகோல்தான். வேகத்துக்குக் கூகுள் மூன்று அளவுகளை வைத்திருக்கிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் பதில் வர வேண்டும். இந்த அளவு 2024 மார்ச்சில் சேர்ந்தது. படிக்கும்போது பக்கம் குதிக்கக் கூடாது. வோடஃபோன் இத்தாலி நிறுவனம் தோற்றத்தில் ஒரே மாதிரியான இரண்டு பக்கங்களை ஒப்பிட்டு, முக்கியப் பகுதி தெரியும் நேரம் 31 சதவீதம் மேம்பட்ட பக்கத்தில் விற்பனை 8 சதவீதம் கூடியதைக் கண்டது. அழகு ஒன்றே, வேகம் மட்டும் மாறியது. பெரிய திரைக்காகச் சேர்த்த ஸ்லைடரையும் படங்களையும் மொபைலில் ‘மறைத்துவிட்டோம்’ என்று டெவலப்பர் சொன்னால், மறைந்திருப்பது கண்ணுக்கு மட்டும்தான். பெரும்பாலும் போன் அவற்றையும் இறக்கிக்கொண்டுதான் இருக்கும். திரையின் அளவுக்கேற்ற படத்தை மட்டும் அனுப்பும் முறை, திரைக்கேற்பப் படிப்படியாக மாறும் எழுத்தளவு, பக்கத்தின் ஒவ்வொரு பகுதியும் தனக்குக் கிடைத்த இடத்தைப் பார்த்து அமைந்துகொள்ளும் கன்டெய்னர் குவெரி ஆகியவை பார்ப்பவரின் சுமையைக் கூட்டாத புதுமைகள். கன்டெய்னர் குவெரி 2023 பிப்ரவரி முதல் குரோம், சஃபாரி, ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. தானாக ஓடும் வீடியோ, ஸ்க்ரோல் செய்யச் செய்யப் பறந்து வரும் எழுத்துகள், நுழைந்ததும் மறிக்கும் பாப்அப் ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

தமிழில் தளம் வைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தீம்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களின் அகலத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. ‘தொடர்புகொள்ளுங்கள்’ என்ற சொல் சிறிய பட்டனில் அடங்காமல் வெளியே வழியும். ‘கி’, ‘கு’ போன்ற எழுத்துகள் மேலும் கீழும் நீள்வதால் வரிகள் நெருக்கமாக இருந்தால் ஒன்றோடொன்று முட்டும். இதற்குப் பயந்து தமிழ் வாசகங்களைப் படமாக வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் படம் சிறிய திரையில் சுருங்கிப் படிக்க முடியாமல் போகும். தேடலிலும் சரியாகச் சிக்காது. எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

எழும் ஆட்சேபங்கள்

‘எங்களிடம் வாங்குபவர்கள் வெளிநாட்டு நிறுவனங்கள், ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் பார்ப்பார்கள்’ என்று திருப்பூர் ஏற்றுமதியாளரோ கோவை பம்ப் தயாரிப்பாளரோ சொல்லலாம். அது உண்மையாகவே இருந்தாலும் முடிவு மாறாது. கூகுள் அவர்களுடைய தளத்தையும் மொபைல் வடிவத்தில்தான் முதலில் படிக்கிறது. மேலும், 1280 பிக்சல் அகலமுள்ள லேப்டாப்பில் பார்வை மங்கிய ஒருவர் பக்கத்தை 400 சதவீத அளவுக்குப் பெரிதாக்கினால், அவருக்குக் கிடைப்பது 320 பிக்சல் அகலம், அதாவது ஒரு சிறிய போனின் திரை. அந்த நிலையிலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்துவதற்கென 2018-இல் வந்த சர்வதேச அணுகல் நெறிகள் சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதால், அங்குள்ள நுகர்வோருக்கு நேரடியாக இணையத்தில் விற்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. ஏற்றுமதியாளருக்கும் தயாரிப்பாளருக்கும் வேறுபடுவது ஒன்றே: விவரக்குறிப்பு அட்டவணைகளும் ஒப்பீடுகளும் பெரிய திரையில் விரிவாக அமைய வேண்டும், சிறிய திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக மடிய வேண்டும். அந்த வேலைக்குக் கூடுதல் பணம் ஒதுக்கலாம்.

‘இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் இருக்கும்போது தளமே எதற்கு?’ என்பது இரண்டாவது ஆட்சேபம். தெருமுனைக் கடைக்கு, கூகுள் மேப்பில் சரியான இடமும் நேரமும் போன் நம்பரும் இருந்தாலே போதும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் ஊர் தாண்டி வரும்போதுதான் நிலைமை மாறுகிறது. பிறர் மேடையில் கணக்கு முடங்கினால் கேட்க ஆளில்லை. பழைய பதிவுகள் அடியில் புதைந்துபோகும். சொந்த டொமைனில் (இணைய முகவரியில்) இருக்கும் தளம் நம் பெயரில் உள்ள இடம். சமூக ஊடகத்தில் பார்த்தவர் போனிலிருந்தே அங்கு வருவதால், அந்த மேடைகளை நம்புகிறவருக்கு மொபைல் பக்கத்தின் வேகம் இன்னும் முக்கியமாகிறது.

கையெழுத்துக்கு முன்

டெவலப்பர் தன் லேப்டாப்பில் காட்டும் டெமோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவர் முடித்துக்கொடுத்த மூன்று தளங்களின் முகவரியைக் கேட்டு வாங்கி, வைஃபையை அணைத்துவிட்டு, விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் திறந்து பாருங்கள். கட்டைவிரலால் மெனுவும் பட்டனும் பிசகாமல் தொட வருகிறதா, விசாரணைப் படிவத்தை நின்றுகொண்டே நிரப்ப முடிகிறதா, போன் நம்பரைத் தொட்டால் அழைப்பு போகிறதா என்று சோதியுங்கள். கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் இலவசம். அதில் மொபைல் பகுதியின் முடிவைப் பார்த்து, உங்கள் தளத்துக்கும் அந்த வேக அளவுகளை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். டொமைனும் ஹோஸ்டிங் கணக்கும் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். மிச்சமாகும் பணத்தை நல்ல படங்களுக்கும், விலையும் நேரமும் முகவரியும் தெளிவாகச் சொல்லும் நான்கு பத்திகளுக்கும் செலவிடுங்கள். வாடிக்கையாளர் தேடி வருவது அவற்றைத்தான்.