பின்னிய மொழியில் 'வீட்டில் இருத்தல்': உருபுநிலை ஆய்வு

பின்னிய மொழி பயில்வோர் தொடக்கத்திலேயே கற்கும் தொடர் 'ஒலென் கொத்தொன'. 'வீட்டில் இருக்கிறேன்' என்பது பொருள். (மூலத்தில் தகரம் ஒற்றையே, வல்லொலிப்பைக் காட்ட இங்கு இரட்டித்தது.) உள்ளிடத்தைக் குறிக்கும் பொது உருபு '-ஸ்ஸ'. கட்டடத்தைக் குறிக்கும் 'தலொ' அதனை ஏற்றுத் 'தலொஸ்ஸ' என்றாகும். இல்லத்தைக் குறிக்கும் 'கொத்தி'யோ 'கொத்தொ' எனத் திரிந்து '-ன' உருபை ஏற்கிறது. இன்று '-ன' பெரும்பாலும் 'ஆக' என்னும் பொருளது. 'ஒப்பெத்தயன' எனின் 'ஆசிரியராக'. அதன் பழம்பொருள் இடமே என்பதற்கு 'உல்கொன' (வெளியே), 'தக்கன' (பின்னால்) ஆகியனவும் சான்று. 'வீட்டிலிருந்து' எனப் பொருள்படும் 'கொத்தொஅ'வும் இத்தகைய எச்சமே. ஆகவே 'கொத்தொன'வை விதிவிலக்கென மனனம் செய்விப்பது பொருந்தாது. 'வீட்டிற்கு' என்னும் 'கொத்தீன்' இன்றைய விதிக்குள் அடங்குகிறது. 'கொதிஸ்ஸ' என்னும் வடிவமும் உண்டு. அது 'ஒவ்வோர் இல்லத்திலும்' போன்ற பொதுச்சுட்டுகளுக்கே பெரிதும் உரியது.