பாதத்தைவிடச் சின்னதாகப் பின்னுங்கள்

ஊட்டியில் மார்கழிக் காலையில் கட்டிலைவிட்டுக் காலைக் கீழே வைப்பதற்கே தனி மனத்துணிவு வேண்டும். வெளியே புல்லில் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருக்கும். உள்ளே சிவப்புச் சிமெண்டுத் தரையும் அதற்குச் சளைத்ததில்லை. கடையில் வாங்கும் சாக்ஸ் அந்தக் குளிருக்கு மெல்லிசு. எங்கள் வீட்டுக்காரருக்குத் தடிமனாக ஒரு ஜோடி குரோஷாவில் பின்னித் தரலாம் என்று உட்கார்ந்தேன். ‘ஆண்கள், பெரிய அளவு’ என்று புத்தகத்தில் போட்டிருந்ததைக் கண்ணி பிசகாமல் பின்னினேன். அவர் போட்டுக்கொண்டு காபி எடுக்கப் போனார். ஒரு சாக்ஸ் கூடத்திலேயே நின்றுவிட்டது.

“இது சாக்ஸா, தலகாணி உறையா?” என்றார்.

நீளத்தை அளந்து பார்த்தேன், சரியாகவே இருந்தது. தப்பு சுற்றளவில். பெரும்பாலானவர்கள் செருப்பு நம்பரைக் கேட்டுவிட்டுப் பின்ன ஆரம்பிக்கிறோம். ஆனால் நம் ஊரில் புழங்கும் பிரிட்டிஷ் நம்பரில் 8-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர்தான். தடி நூலில் ஒரு வரிசைகூட அதைவிட உயரம். ஆக, நம்பர் ஒன்று முன்னே பின்னே போனாலும் ஒரு வரிசையைக் கூட்டியோ குறைத்தோ சமாளித்துவிடலாம். அதே 8-ஆம் நம்பர் போடும் இரண்டு ஆண்களில் ஒருவருக்குப் பாதம் பலகை மாதிரி அகலமாகவும், இன்னொருவருக்குப் புறங்கால் மேடேறியும் இருக்கும். அதை எந்த நம்பரும் சொல்லாது.

அதனால் டேப்பை எடுங்கள். யாருக்குப் பின்னுகிறீர்களோ அவரை நிற்க வைத்து அளக்க வேண்டும். உட்கார்ந்த காலுக்கும் உடம்பு கனம் ஏறிய காலுக்கும் அகலம் வேறு. முடிந்தால் சாயங்காலம் அளங்கள், நாளெல்லாம் நடந்த கால் கொஞ்சம் உப்பியிருக்கும். நான்கு அளவு போதும். குதிகாலின் பின்விளிம்பிலிருந்து மிக நீளமான விரலின் நுனி வரை. அந்த விரல் எல்லாருக்கும் கட்டைவிரல் அல்ல, சிலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம். விரல்கள் தொடங்கும் இடத்தில் பாதத்தின் சுற்றளவு. கணுக்காலின் சுற்றளவு. நான்காவதை யாரும் எடுப்பதில்லை, ஆனால் சாக்ஸ் காலில் ஏறுமா ஏறாதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது: குதிகாலின் அடியில் தொடங்கி, சாய்வாக மேலே வந்து, கணுக்கால் மடங்கும் இடத்தைச் சுற்றி வரும் அளவு. கணுக்கால் 25 செ.மீ. இருக்கும் மனிதருக்கு இது 34 வரை போகும்.

பரிசாகத் தரப்போகிறீர்கள், அளவெடுத்தால் தெரிந்துவிடும் என்றால் அவருடைய ஷூவுக்குள் இருக்கும் அட்டையை எடுத்து அளக்கலாம். அது பாதத்தைவிட ஒரு செ.மீ. போல நீளமாக இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள். சுற்றளவை மட்டும் எப்படியாவது திருட்டுத்தனமாக எடுத்தே ஆக வேண்டும். தூங்கும்போது அளந்தால் ஒரு செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான கணக்கு. பாதத்தின் சுற்றளவு 25 செ.மீ. என்றால் சாக்ஸை 25-க்குப் பின்னக் கூடாது. பத்தில் ஒரு பங்கைக் கழித்து 22.5-க்குப் பின்ன வேண்டும். நீளத்திலும் ஒரு செ.மீ. குறைக்க வேண்டும். பின்னல் இழுபட்டுப் பாதத்தைப் பிடித்தால்தான் கழன்று போகாது. கம்பிப் பின்னல் அளவுக்குக் குரோஷா நெகிழாது என்பதால் அதற்கு மேலும் குறைக்க வேண்டாம். 15 சதவீதம் குறைத்துப் பின்னிய ஒரு ஜோடியை இன்று என் அக்கா மகன் போட்டுக்கொண்டிருக்கிறான், அவனுக்கு வயது பன்னிரண்டு.

நூல், நடுத்தரத் தடிமன் உள்ளது. கம்பளியோ, அக்ரிலிக்கோ, இரண்டும் கலந்ததோ எதுவும் சரி. பருத்தி நூலை எடுக்காதீர்கள். துவைக்கத் துவைக்கத் தொளதொளத்துப் போகும். கம்பளி கதகதப்பு, ஆனால் சூடான தண்ணீரில் நனைத்தால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். கொஞ்சம் நைலான் கலந்திருந்தால் குதிகால் சீக்கிரம் தேயாது. ஒரு ஜோடிக்கு 200 கிராம் வாங்கிவிடுங்கள், மீந்தாலும் பரவாயில்லை, பாதியில் தீர்ந்து அதே சாயம் கிடைக்காமல் அலைவதைவிட மேல். நிறம் கேட்டால் ஆண்கள் கறுப்பு என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி விளக்கில் கறுப்பு நூலில் கண்ணி தெரியாது. அடர் சாம்பல் என்று சொல்லி முடித்துவிடுங்கள்.

ஊசி 4.5 மில்லிமீட்டர். நூல் சுற்றிய காகிதத்தில் இதைவிடப் பெரிய ஊசி போட்டிருக்கலாம். தரையில் தேயும் பொருளுக்குப் பின்னல் நெருக்கமாக இருக்க வேண்டும். இவை தவிர இரண்டு ஊக்கும் ஒரு தடித்த தையல் ஊசியும் வேண்டும்.

சங்கிலியும் ஸ்லிப் ஸ்டிச்சும் போக, பின்னல் வகை இரண்டே இரண்டு. ஊசியைக் கண்ணியில் நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு வளையம் நிற்கும். நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழுத்தால் அது சிங்கிள். நுழைப்பதற்கு முன்பே ஒரு தடவை நூலைச் சுற்றிக்கொண்டால் மூன்று வளையம் நிற்கும். மூன்றின் வழியாகவும் ஒரே இழுப்பு, அது ஹாஃப் டபுள். இவை அமெரிக்கப் பெயர்கள். பிரிட்டிஷ் புத்தகங்களில் சிங்கிளுக்கு டபுள் என்றும், ஹாஃப் டபுளுக்கு ஹாஃப் ட்ரெபிள் என்றும் பெயர். கான்வென்டில் படித்த பழைய ஆட்களிடம் குரோஷா கற்றவர்கள் இங்கேதான் குழம்புவார்கள்.

என் கையில் ஹாஃப் டபுள் 10 செ.மீ.-க்கு 14 கண்ணி, 10 வரிசை வருகிறது. உங்கள் கையில் வேறாக வரும், அதனால் ஒரு சதுரம் பின்னி நடுவில் அளந்து பாருங்கள். 22.5 செ.மீ.-க்கு 14 வீதம் 31.5 கண்ணி. நாம் விரல்முனையில் நான்கு நான்காகக் கூட்டப்போவதால் நான்கால் வகுபடும் எண் வேண்டும்: 32. அகலம் குறைந்த பாதத்துக்கு 28, பருத்த பாதத்துக்கு 36. இனிமேல் சொல்வதெல்லாம் 32 கண்ணி, 26 செ.மீ. நீளப் பாதத்துக்கு.

விரல்முனையிலிருந்து தொடங்குங்கள். ஏழு சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் இரண்டு சிங்கிள். அடுத்த நான்கிலும் ஒவ்வொன்று. கடைசிச் சங்கிலியில் நான்கு. அந்த நான்கையும் போடும்போதே துண்டு தானாகத் திரும்பி, சங்கிலியின் அடிப்பக்கம் மேலே வரும். அந்தப் பக்கம் நான்கிலும் ஒவ்வொன்று, தொடங்கிய சங்கிலியில் இன்னும் இரண்டு. எண்ணினால் 16. நீள்வட்டமாகச் சின்னப் பூரி மாதிரி இருக்கும். சுற்றை மூடாமல் சுருளாகவே போய்க்கொண்டிருங்கள், சுற்றின் முதல் கண்ணியில் ஓர் ஊக்கைக் குத்தி, ஒவ்வொரு சுற்றுக்கும் அதை மேலே நகர்த்துங்கள்.

16 என்பது பாதி எட்டு, பாதி எட்டு. ஒவ்வொரு பாதியின் முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் இரண்டிரண்டு சிங்கிள் போட்டால் சுற்றுக்கு நான்கு கூடும். இரண்டாம் சுற்றில் 20, மூன்றாவதில் 24. நான்காவது கூட்டாமல். ஐந்தாவதில் 28, ஆறாவது மறுபடி கூட்டாமல், ஏழாவதில் 32. நான்கு செ.மீ. ஆழத்துக்கு ஒரு குல்லாய் கிடைக்கும். இதுவரை சிங்கிளாகவே பின்னச் சொன்னதற்குக் காரணம் ஆண்களின் கட்டைவிரல் நகம். அது ஹாஃப் டபுளை ஒரே மாதத்தில் துளைத்துவிடும்.

இனி ஹாஃப் டபுளுக்கு மாறி, கூட்டாமல் குறைக்காமல் சுற்றிக்கொண்டே போங்கள். மூன்று சுற்று முடிந்ததும் அவர் காலில் மாட்டிப் பாருங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் பின்னல் லேசாக விரிந்து, கண்ணிகளுக்கு நடுவே தோல் தெரியாமல் இருக்க வேண்டும். உங்கள் விரல் சுலபமாக உள்ளே போனால் பெரிது. தயங்காமல் பிரித்துவிட்டு 28-க்குப் போங்கள். இப்போது பிரித்தால் அரைமணி நேரம்தான் வீண்.

நுனியிலிருந்து 15 செ.மீ. வந்ததும் நிறுத்துங்கள். கணுக்காலின் முன்மடிப்பு அந்த இடத்தில் வரும். அவர் காலில் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். புறங்கால் மேடேறியவராக இருந்தால் ஒரு சுற்று முன்னதாகவே நிறுத்தலாம்.

இங்கே பலர் கோட்டை விடும் ஒரு விஷயம். மேல்பக்கத்தின் நடுவை ஊக்கை வைத்துக் கணக்கிடாதீர்கள். சுருளாகப் பின்னும்போது கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று நேராக உட்காராமல் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் பக்கவாட்டில் நகர்கின்றன. பத்துச் சுற்றுக்குள் ஊக்கு ஓரத்திலிருந்து எங்கேயோ போயிருக்கும். துண்டைத் தரையில் தட்டையாக வைத்து, விரல்முனையின் இரண்டு ஓரங்களையும் நேர் செய்து, அதற்கு நேர் மேலே வரும் நடுவைக் கண்ணால் பிடியுங்கள். அந்த நடுவிலிருந்து இருபக்கமும் ஐந்தைந்து கண்ணி, ஆகப் பத்து, புறங்காலுக்கு. பத்தின் இரு முனையிலும் ஊக்கு. இதைச் செய்யாமல் பின்னிய சாக்ஸில் குதிகால் கணுக்காலின் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த மாதிரியும் ஒன்று என்னிடம் இருக்கிறது.

ஊக்கு வரை பின்னிப் போய், ஒரு சங்கிலி போட்டுத் திரும்புங்கள். இனி சுற்று இல்லை. மிச்சமுள்ள 22 கண்ணிகளில் மட்டும் போவதும் வருவதுமாக வரிசைகள். ஒவ்வொரு வரிசை முடிவிலும் 22 இருக்கிறதா என்று எண்ணுங்கள், ஓரக் கண்ணி ஒன்று எப்போதும் நழுவப் பார்க்கும். நமக்கு வேண்டிய நீளம் 25, ஏற்கெனவே 15 ஆயிற்று, ஆகப் பத்து வரிசை. அப்படியே பின்னி மடித்துத் தைத்தால் குதிகாலில் கொழுக்கட்டை மூக்கு மாதிரி ஒரு முனை துருத்தும். அதைத் தவிர்க்க, ஒன்பதாம் வரிசையில் நடுவில் உள்ள நான்கு கண்ணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பின்னுங்கள், 20 ஆகும். பத்தாம் வரிசையிலும் அதே, 18.

தைக்குமுன் குதிகாலை ஊக்குகளால் மூடி, அவரை ஒரு தடவை நடக்கச் சொல்லுங்கள். விளிம்பு குதிகாலை எட்டச் சற்றே இழுபட வேண்டும். தளர்ந்திருந்தால் நடுவில் குறைக்கும் இரண்டு வரிசைகளையும் பிரித்து, ஒரு வரிசை முன்னதாகக் குறைக்க ஆரம்பியுங்கள். பிறகு பாதியாக மடித்து, ஒன்பதுக்கு ஒன்பது பொருத்தித் தையல் ஊசியால் தட்டையாகத் தையுங்கள். ஸ்லிப் ஸ்டிச்சில் (கண்ணியில் நுழைத்து இழுத்த நூலை ஊசியில் நிற்கும் வளையத்தின் வழியாகவும் அப்படியே இழுப்பது) இணைத்தால் உள்ளே மேடு நிற்கும், குதிகாலை அறுக்கும்.

கணுக்கால் வாய்க்குக் குதிகால் தையலருகே நூலை மாட்டி, வாயைச் சுற்றி ஒரு சுற்றுத் தளர்வாகச் சிங்கிள். பக்க விளிம்பில் இரண்டு வரிசைக்கு மூன்று கண்ணி வீதம் 15, முன்னால் 10, மறுபக்கம் 15, ஆக 40. அடுத்த சுற்றில், பக்கமும் முன்பகுதியும் சந்திக்கும் இரண்டு மூலைகளிலும் இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேருங்கள், அங்கே வரும் ஓட்டையும் மூடிக்கொள்ளும். 38. இன்னொரு சுற்று அதேபோல், 36. நான்காவதாக எடுத்தோமே ஓர் அளவு, அது 34-க்கு மேல் இருந்தாலோ, மாட்டிப் பார்க்கையில் குதிகால் திக்கினாலோ இந்தக் கடைசிச் சுற்றை விட்டுவிடுங்கள்.

மேல்பட்டை நெகிழ வேண்டும், அதனால் அதைக் குறுக்காகப் பின்னுவோம். விளிம்பிலிருந்து 11 சங்கிலி. இரண்டாவது சங்கிலியில் தொடங்கிப் பத்துச் சிங்கிள் போட்டு இறங்கி, விளிம்பின் அடுத்த இரண்டு கண்ணிகளில் ஸ்லிப் ஸ்டிச். திரும்பி, அந்த ஸ்லிப் ஸ்டிச்களைத் தாண்டி, பத்துக் கண்ணிகளின் பின் இழையில் மட்டும் சிங்கிள். ஒரு சங்கிலி போட்டுத் திரும்பி மறுபடி பின் இழையில் பத்து. விளிம்பில் அடுத்த இரண்டு ஸ்லிப் ஸ்டிச். இப்படியே வாயைச் சுற்றி வந்து, கடைசி வரிசையை முதல் வரிசையோடு தைத்துவிட்டால் பனியன் விளிம்பு மாதிரி வரிவரியாக இழுபடும் பட்டை கிடைக்கும்.

இரண்டாவது சாக்ஸை அன்றே தொடங்குங்கள். ஒரு மாதம் கழித்து எடுத்தால் கை இறுக்கம் மாறியிருக்கும், ஜோடி சேராது. முதல் சாக்ஸின் சுற்று எண்ணிக்கையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நூல் பந்துக்குள் செருகி வையுங்கள். இடது வலது வித்தியாசம் இதில் இல்லை, ஆனால் ஒரு கால் பெரிதாக இருந்தால் பெரிய காலுக்கே அளவு.

மொசைக்கோ டைல்ஸோ போட்ட வீடானால் அப்படியே கொடுத்துவிடாதீர்கள், வழுக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், இடுக்கு அடைக்கிற சிலிக்கான் பசை ஒரு குழாய் வாங்குங்கள். பாதவடிவில் வெட்டிய அட்டையைச் சாக்ஸுக்குள் செருகி, அடிப்பக்கம் மிளகளவு புள்ளிகளாக வைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். விரல்களுக்கு அடியிலும் குதிகாலிலும் நெருக்கமாக வையுங்கள், நடுவில் குழிந்த இடத்துக்குத் தேவையில்லை. மாடிப்படி ஏறி இறங்கும் வயதானவர்களுக்குப் புள்ளியும் போதாது. பழைய தோல் பையிலிருந்து உள்ளங்கால் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, ஓரமெல்லாம் துளையிட்டு, அதே நூலால் தைத்துக் கொடுங்கள்.

துவைப்பது பச்சைத் தண்ணீரில். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்துங்கள். கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நீளம் இரண்டு செ.மீ. கூடிவிடும், நாம் கழித்த கணக்கெல்லாம் போயிற்று. தட்டையாகப் பரப்பிக் காயவையுங்கள். அக்ரிலிக் என்றால் இஸ்திரிப் பெட்டி பக்கமே போகக் கூடாது.