எம்.பி.ஏ. சேருமுன்

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. பி.இ. முடித்த கையோடு எம்.பி.ஏ. சேரப் போகிறாய், தனியார் கல்லூரி ஒன்றைப் பார்த்தாயிற்று, கடன் 20 லட்சம் என்று உன் அப்பா போனில் சொன்னார். வங்கியில் கல்விக் கடன் மேசையிலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்த உன் சித்தப்பாவுக்கு அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. படி அம்மா, கட்டாயம் படி. ஆனால் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் படி.

ஏன் என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உனக்குத் தெரியும். அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். அந்தக் கையால்தான் அறுவை செய்தார். அங்கே ஒரு மேசையில் கண்புரை எடுக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். டாக்டர் திரும்பினால் போதும். பணம் கட்டுகிறவர்கள் தரும் வருமானத்தில், கட்ட முடியாதவர்களுக்கும் பார்வை கிடைக்கிறது. ஹார்வர்டு பேராசிரியர் வி. கஸ்தூரி ரங்கன் 1993-ல் இதை எம்.பி.ஏ. வகுப்பில் விவாதிப்பதற்கான 'கேஸ்' ஆக எழுதினார்.

கேஸ் நடத்தும் ஆசிரியர் விடை சொல்வதில்லை. வெங்கடசாமி இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். ஒரு ஆலையில் ஷிப்ட் மாறுவதையோ, ஒரு கடையில் சரக்கு தேங்குவதையோ கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அங்கே பேச விஷயம் இருக்கும். மற்றவர்கள் குறிப்பு எடுப்பார்கள்.

இனி பணம். கல்விக் கடன் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கியில் பெரும்பாலும் சொத்து ஜாமீன் கேட்பார்கள். மஞ்சள் பையிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவி மேசையில் வைத்த அப்பாக்களை சித்தப்பாவால் மறக்க முடியவில்லை. 20 லட்சம், 10 சதவீத வட்டி, 10 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 26,400 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி தனி.

கல்லூரி விளம்பரத்தில் சராசரிச் சம்பளம்தான் பெரிதாக இருக்கும். பத்துப் பேரில் ஒருவருக்கு 60 லட்சம், ஒன்பது பேருக்கு 8 லட்சம் என்றால் சராசரி 13.2 லட்சம். அந்தச் சம்பளம் அங்கே ஒருவருக்கும் இல்லை! வரிசையின் நடுவில் நிற்பவருக்கு என்ன கிடைத்தது, அந்த 'மீடியன்' எவ்வளவு என்று கேள்.

கட்டணம் கூடினால் தரமும் கூடும் என்பதில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் எஃப்.எம்.எஸ். 1954-லிருந்து நடக்கிறது, நாட்டின் முன்வரிசைக் கல்வி நிலையம். அகமதாபாத் ஐ.ஐ.எம். வாங்குவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அங்கே கட்டணம். இரண்டுக்கும் கேட் (CAT) நுழைவுத் தேர்வுதான் வாசல். தமிழ்நாட்டிலேயே இருப்பதானால் டான்செட் நுழைவுத் தேர்வு எழுது. அரசுக் கல்லூரியும் பல்கலைக்கழகத் துறையும் கிடைக்கும்.

உனக்கு ஒரு வேலைக்கான ஆர்டர் வந்ததே, அது இன்னும் கையில் இருக்கிறதுதானே? ஞாயிற்றுக்கிழமை அதையும் கல்லூரிக் கட்டண விவரத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. அதுவரை கடன் விண்ணப்பத்தில் அப்பாவைக் கையெழுத்துப் போடவிடாதே.

அன்புடன்,
சித்தப்பா