ஆங்கிலச் சொல் அறிவோம்: ‘வேன்கார்ட்’

இம்முறை நாம் எடுத்துக்கொள்ளும் சொல் ‘வேன்கார்ட்’. தமிழில் ‘முன்னணி’ எனலாம்.

பிரெஞ்சு மொழியில் ‘அவான்’ என்றால் முன். ‘கார்ட்’ என்றால் காவல். ‘அவான்கார்ட்’ என்னும் அச்சொல் ஆங்கிலத்தில் புகுந்தபோது முதலெழுத்தை இழந்து ‘வேன்கார்ட்’ ஆயிற்று. பெரும்படைக்கு முன்னே செல்லும் படைக்கு அது பெயர். பழந்தமிழர் இதனைத் ‘தார்’ என்றும் ‘தூசி’ என்றும் வழங்கினர். இச்சொல்லை ‘வேன்’ எனச் சுருக்கி எழுதுவதும் உண்டு. சாமான் ஏற்றும் வேன் வேறு. அது பாரசீகக் ‘கார்வான்’ வழிவந்த ‘காரவான்’ என்பதன் குறுக்கம்.

‘சீஃப்’ என்பதன் வேர்ப்பொருள் தலை. அது பதவியைக் குறிக்கும். ‘வேன்கார்ட்’ இடத்தைக் குறிக்கும். தலைவர் படையின் நடுவிலிருந்தும் ஆணையிடலாம். தூசிப்படைக்கு அவ்வசதி இல்லை. முதல் அம்பு அதன்மேல்தான் பாயும்.

ஆதலால் ஒருவரைக் குறித்து, ‘ஹி இஸ் இன் தி வேன்கார்ட்’, அதாவது ‘அவர் முன்னணியில் நிற்கிறார்’ என்பதே நல்ல வழக்கு. எதில் என்பதை ‘ஆஃப்’ சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். மேலும், பின்னே பெரும்படை வந்தால்தான் முன்னது முன்னணி; இன்றேல் தனிவழி போனவர் என்றே பொருள்.

பெயர் சூட்டிக்கொள்வதால் மட்டும் முன்னணி ஆகிவிட முடியாது. அமெரிக்கர் தம் விண்கோள் திட்டமொன்றுக்கு ‘வேன்கார்ட்’ எனப் பெயரிட்டனர். 1957 அக்டோபரில் சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் முந்திக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் வேன்கார்ட் ராக்கெட் ஏவுதளத்திலேயே வெடித்தது. 1958 மார்ச் 17-இல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள ‘வேன்கார்ட் 1’ விண்ணேறிற்று. சூரிய ஒளியால் மின்சாரம் பெற்ற முதல் விண்கோள் அதுவே. பின்வந்த எண்ணற்ற கோள்கள் அவ்வழியையே பின்பற்றின. முந்துவதில் தோற்றது, வழிகாட்டுவதில் பெயரைக் காத்துக்கொண்டது.

நம் சங்க அறிக்கைகளில் ‘முன்னணிப் பிரமுகர்’ என்று தாராளமாக எழுதுகிறோம். பல வேளைகளில், கூட்டத்தில் முன்வரிசை நாற்காலியில் அமர்ந்தவர் என்பதே அதன் பொருளாக இருக்கிறது. முன்வரிசை வேறு; முன்னணி வேறு. இரத்ததானத்திற்கு முதலில் கை நீட்டியவர் கடைசி வரிசையில் நின்றிருக்கலாம், முன்னணி அவருடையது.

இனி இச்சொல்லை எழுதுமுன் இரண்டு வினாக்களைக் கேட்டுக்கொள்வோம்: எந்தப் பணியில் முன்னணி? பின்னே வருகிறவர்கள் யார்? இரண்டிற்கும் விடை கிடைத்தால் தயங்காமல் எழுதலாம்.