பழைய அலுமினிய வள்ளத்தைச் செப்பனிடல்

பேலியகொடை என்றவுடன் கமக்காரர் பலருக்கு இன்று நினைவுக்கு வருவது சந்தையே. 2020 நவெம்பரில் மெனிங் சந்தை புறக்கோட்டையிலிருந்து இங்கு மாற்றப்பட்டது முதல் மரக்கறி மூடைகள் வந்திறங்கும் இடம் இதுவாயிற்று. ஆயின் இவ்வூர் களனி கங்கையின் வடகரையில், முகத்துவாரத்துக்கு அண்மையில் கிடக்கும் தாழ்நிலமாகும். 2016 மே மாதத்தில் கங்கை பெருகியபோது, எதிர்க்கரையிலுள்ள கொலன்னாவைத் தெருக்களில் மக்களை வள்ளங்களிலேயே ஏற்றிச் செல்ல நேர்ந்தது. இத்தகைய கரைகளில் வயலோ தோட்டமோ வைத்திருப்போருக்குச் சிறு வள்ளம் மண்வெட்டியைப் போன்றதொரு கருவி. வெள்ளமில்லா நாளில் மீன்பிடிக்கவும் உதவும்.

நம் நாட்டுச் சிறு வள்ளங்களிற் பெரும்பாலானவை கண்ணாடிநாரால் ஆனவை. அலுமினிய வள்ளம் அரிதே. ஆகவே, பழையதொன்றை வாங்குவோர் அதனைக் கண்ணாடிநார் வள்ளத்தைப் போலவே செப்பனிட முற்படுகின்றனர். இங்குதான் தவறு தொடங்குகிறது.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது உண்மை. கெடாது என்பது உண்மையன்று. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உண்டாகி உலோகத்தைக் காக்கிறது. உவர்நீரில் நனைந்த நிலையில் செம்போ பித்தளையோ இரும்போ அதனைத் தொட்டுக்கொண்டிருப்பின், அலுமினியமே அரிக்கப்படும். கடும் வரட்சியில் களனி கங்கையில் உவர்நீர் அம்பத்தளை வரை மேலேறுவதுண்டு. பேலியகொடை அதற்கும் கீழே உள்ளது. ஆற்றுநீர்தானே என்று இங்கு அசட்டையாக இருத்தல் ஆகாது.

வாங்குமுன் வள்ளத்தை உறுதியான மரக்கட்டைகளின்மேல் இருத்தி, உள்ளே நான்கு அங்குல உயரத்துக்கு நீர் நிரப்புக. அதற்குமேல் நிரப்பினால் நீரின் பாரமே அடித்தகட்டை வளைத்துவிடும். வெளியே கசியும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்க. வெண்பொடி படிந்து குழி விழுந்த இடங்களையும் கூரிய முனையால் குத்திப் பார்த்தல் வேண்டும்.

கசிவு பெரும்பாலும் தளர்ந்த தறையாணிகளிலேயே உண்டாகும். ஒருவர் உள்ளே கனத்த இரும்புக்கட்டியைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் வெளியிலிருந்து அளவாகத் தட்டினால் பல ஆணிகள் மீண்டும் இறுகிவிடும். இறுகாதவற்றைத் துளைத்தெடுத்து, திண்ம அலுமினிய ஆணிகளையே அடிக்க வேண்டும். கருவியால் இழுத்துப் பொருத்தும் துளையுள்ள ஆணி நீரைக் காக்காது. தகடு வெடித்திருப்பின் கொல்லன் உலைக்குக் கொண்டு செல்லற்க. அலுமினியம் 660 பாகை செல்சியசில், சிவக்காமலே உருகி வீழ்ந்துவிடும். மேலுள்ள படலமோ 2000 பாகை கடந்தும் உருகாது. ஆகன் வாயுவைக் கொண்டு ஒட்டும் பட்டறையே இதற்குத் தகும்.

கடையாரில் இயந்திரம் பூட்டும் பலகை உள்ளே உளுத்திருத்தல் வழக்கம். புதிய பலகையை நீர்தாங்கும் ஒட்டுப்பலகையால் செய்து, விளிம்பும் துளைகளும் உட்பட எப்பொட்சி பூசிய பின்னரே பொருத்துக. செம்பு கலந்த மருந்தூட்டிய பச்சைநிறப் பலகை உளுக்காது என்று சிலர் அதனை வாங்குவர். அப்பலகை இருக்கும், அதைத் தொடும் தகடு இராது. மரையாணிகள் கறையில் உருக்காக இருப்பதும், அவற்றின் கீழ் இறப்பர் அல்லது நைலோன் வளையம் இடுவதும் அவசியம். பாசி பிடியாமைக்காக மரவள்ளங்களுக்குப் பூசும் செம்புப் பூச்சையும் இவ்வள்ளத்துக்குப் பூசலாகாது.

மூடை ஏற்ற இடம் வேண்டுமென்று நடு ஆசனத்தை வெட்டியெடுப்பதே மாற்றங்களுள் மிகக் கேடானது. அந்த ஆசனம் இரு பக்கங்களையும் விரியாமல் பிடித்திருக்கிறது; அதனுள் இருக்கும் நுரை, வள்ளம் நீரால் நிறைந்தாலும் அதனை அமிழாமல் காக்கிறது. 80 கிலோ நிறையுள்ள வெற்றுவள்ளம் நீருள் ஏறத்தாழ 50 கிலோ பாரமாக இழுக்கும். இயந்திரத்துக்கு மேலும் 20 கிலோ கொள்வோம். ஒரு லீற்றர் நுரை ஏறக்குறைய ஒரு கிலோவையே தாங்குமாதலால், இவற்றுக்கு மட்டும் 70 லீற்றருக்கு மேல் வேண்டும். பற்றிக்கொண்டு மிதக்கும் மனிதருக்கு அதற்கும் மேலாக வேண்டும். பழைய நுரை நீர் குடித்துக் கனத்திருப்பின் அதனை அகற்றி, நீர் புகாத மூடிய கண்ணுள்ள நுரையை இடுக. மூடைகளுக்கு, அடியில் தட்டையான பலகைத் தளம் அமைத்தாலே போதும். பாரம் தாழ இருந்தால் வள்ளம் கவிழ்வதும் குறையும்.

கமக்காரர் மட்டுமே அறிந்திருக்கவேண்டிய இடர் ஒன்றுண்டு. மரக்கறிப் பயிருக்குத் தெளிக்கும் போடோக் கலவையில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் உள்ளன. முன்னது செம்பு, பின்னது காரம், இரண்டுமே அலுமினியத்துக்குப் பகை. இக்கலவையை மூடியுள்ள பிளாத்திக்கு வாளியிலேயே ஏற்றுக. சிந்தினால் அன்றைக்கே நன்னீரால் கழுவி, தளப்பலகையைத் தூக்கி அடியையும் கழுவுதல் வேண்டும். பசளை மூடைக்கும் ஈரச் சீமெந்துக்கும் இதுவே விதி. அடியில் விழுந்து மறக்கப்பட்ட செம்புக் கம்பித் துண்டொன்றே காலப்போக்கில் தகட்டைத் துளைக்கப் போதுமானது.

வேலை முடிந்தபின் வள்ளத்தை மரக்கட்டைகளின்மேல் கவிழ்த்து வைக்க. ஈரச் சாக்கு அதன்மீது கிடத்தல் ஆகாது. மீன்பிடிக்கவும் பயன்படுத்துவதாயின், 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின்படி பதிவுசெய்தல் வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் மீண்டும் ஒருமுறை நான்கு அங்குல நீர் நிரப்பிக் கசிவு பார்த்துக்கொள்க.