உடல் நலப் பாடம்: நம் வீட்டுக்கு எந்த அடுப்பு?



தீபாவளி நெருங்கி, கையில் கொஞ்சம் காசு புழங்கும் சமயத்தில் பல வீடுகளில் எழுகிற கேள்வி ஒன்று உண்டு. "டிரசர் ஐயா, புது அடுப்பு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். கேஸா, கரண்டா, எது நல்லது?" கடைக்காரரைக் கேட்டால் தன் கடையில் தேங்கிக் கிடப்பதைக் காட்டுவார். பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டால் தான் வாங்கியதுதான் உசத்தி என்பார். மருந்து கொடுக்கிறவரிடம் அடுப்பைப் பற்றி என்ன பேச்சு என்று எண்ணாதீர்கள். நீங்காத இருமல், மூச்சுத் திணறல், பிள்ளைகளின் நெஞ்சுச் சளி, தீப்புண் ஆகிய பலவும் அடுப்பங்கரையில் தொடங்கித்தான் கிளினிக்குக்கு வருகின்றன.

ஆகவே, விலையைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுப்பின் முன்னால் அதிக நேரம் நிற்பவர் யார்? அந்த இடத்தில் காற்று வந்து போகிறதா? வீட்டில் தவழும் பிள்ளையோ, கர்ப்பிணியோ, மூச்சு நோய்க்காரரோ இருக்கிறார்களா? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் எந்த அடுப்பு என்பது பாதி விளங்கிவிடும்.

புகை என்ன செய்கிறது?

"நாங்க பொறந்ததிலிருந்து விறகுப் புகையிலதான் வளர்ந்தோம். எங்களுக்கு என்ன ஆச்சு?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். விறகு எரியும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூள் கிளம்புகிறது. பெரிய தூசியை மூக்கு பிடித்து நிறுத்திவிடும். இந்தத் தூள் மூக்கைத் தாண்டி நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். நாளுக்கு நாள் மூச்சுக் குழாய் வீங்கிச் சுருங்கும். இருபது முப்பது வருஷம் கழித்து, பால்வெட்டுக்கு மேடு ஏறும்போது இளைப்பு வாங்கும். "வயசாச்சு, அதான்" என்று நாம் விட்டுவிடுகிறோம். வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொடாத அம்மாவுக்கும், புகை பிடிப்பவருக்கு வருகிற அதே மூச்சு நோய் இப்படித்தான் வருகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020ஆம் ஆண்டில் வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையாலும் அது போன்ற மாசினாலும் உலகெங்கும் இறந்தவர்கள் ஏறக்குறைய 32 லட்சம் பேர். அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 5 வயதுக்குக் குறைந்த குழந்தைகள். நிமோனியா, நாள்பட்ட மூச்சடைப்பு நோய், மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் ஆகியவை அந்தச் சாவுகளுக்குக் காரணமானவை. கண்புரைக்கும் புகைக்கும்கூடத் தொடர்பு உண்டு.

இனி ஒவ்வோர் அடுப்பாகப் பார்ப்போம்.

1. விறகு அடுப்பு

ஒரு காலத்தில் லயத்தில் விறகைத் தவிர வேறு கதி இல்லை. மறுநடவுக்குச் சாய்த்த ரப்பர் மரமே வருஷம் முழுவதும் அடுப்பை எரித்தது. இன்று பெரும்பாலான வீடுகளில் அன்றாடச் சமையலுக்குக் கேஸ் வந்துவிட்டது. இருந்தாலும் வெந்நீர் போடவும், முறுக்குச் சுடவும், திருவிழாச் சமையலுக்கும் பின்புறத்தில் விறகு அடுப்பு இருக்கத்தான் செய்கிறது.

வீட்டுக்குள் விறகு எரிப்பதை விட்டுவிடுங்கள் என்பதே என் முதல் வார்த்தை. எரித்தே ஆக வேண்டுமானால் வெளியே, கூரை மட்டும் போட்ட திறந்த இடத்தில் எரியுங்கள். நன்றாகக் காய்ந்த விறகையே பயன்படுத்துங்கள். ஈர விறகுக்குப் புகை அதிகம், சூடு குறைவு. சாயம் பூசிய பலகையும், மருந்து ஏற்றிய பலகையும் அடுப்புக்கு ஆகாது. தீ மூட்ட ஒட்டுப்பாலையோ பிளாஸ்டிக் பையையோ வைப்பது நம்மிடம் பழகிப்போன வழக்கம். அந்தக் கரும்புகையில் நஞ்சு இருக்கிறது. தேங்காய் மட்டை, காய்ந்த பாளை போதும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு விறகு அடுப்பின் முன் நிற்காதீர்கள். உங்கள் மூச்சில் ஏறும் புகை அந்தப் பிஞ்சு நெஞ்சிலும் ஏறும்.

கரி அடுப்பில் புகை தெரியாது. அதனால் ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். கரியிலிருந்து வாசனையோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு வருகிறது. கதவை அடைத்த அறையில் கரி மூட்டினால் முதலில் தலைவலி, பிறகு வாந்தி, மயக்கம், தூக்கத்திலேயே மரணம். கரண்ட் இல்லாத இரவிலும் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்.

2. மண்ணெண்ணெய் அடுப்பு

திரி அடுப்பும் பம்ப் அடுப்பும் இப்போது குறைந்துவிட்டன. விறகைவிட இது சுத்தம் என்றுதான் நம் வீட்டுப் பெண்கள் அந்நாளில் வாங்கினார்கள். ஆனால் 2014இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில், வீட்டில் மண்ணெண்ணெய் எரிப்பதைத் தவிர்க்கும்படியே சொல்லியிருக்கிறது. அதன் புகையும் நெஞ்சுக்குக் கெடுதல். அடுப்பு கவிழ்ந்தால் தீயும் எண்ணெயோடு சேர்ந்து ஓடும்.

இன்னும் இதை வைத்திருப்பவர்கள், அடுப்பு சூடாக இருக்கும்போது எண்ணெய் ஊற்றாதீர்கள். சர்பத், மினரல் தண்ணீர் பாட்டில்களில் மண்ணெண்ணெயை ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியோடு எண்ணெய் மூச்சுக் குழாய்க்குள் போய்விட்டால் நுரையீரல் வெந்துபோகும். கையில் அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

3. கேஸ் அடுப்பு

விறகோடு ஒப்பிட்டால் கேஸ் நெஞ்சுக்கு மிகவும் நல்லது. வீட்டுத் தோம்புக்கு அரசாங்கத்தின் உதவித்தொகையும் உண்டு. அலுமினியப் பானை, மண்சட்டி, அடி வளைந்த குவாலி எல்லாம் இதில் ஏறும். ஆகவே பெரும்பாலான குடும்பங்களுக்கு இது பொருத்தமே. ஆனால் நீலத் தீ எரியும்போதும் சிறிது நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு கிளம்பும். ஆஸ்துமாப் பிள்ளைகளுக்கு அது ஆகாது. சன்னலைத் திறந்து வைத்துச் சமையுங்கள்.

வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

• ரெகுலேட்டரிலும் ரப்பர் குழாயிலும் சிரிம் முத்திரை இருக்க வேண்டும். பத்து வெள்ளி மிச்சம் பிடிக்க முத்திரை இல்லாததை வாங்காதீர்கள்.
• தீ அணைந்துவிட்டால் கேஸைத் தானாக நிறுத்தும் வால்வு உள்ள அடுப்புகள் கிடைக்கின்றன. முடிந்தால் அதையே வாங்குங்கள். பருப்பு பொங்கி அடுப்பை அணைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே!
• பெரிய பானை வைப்பவர்கள் இரண்டு அடுப்புக்கும் இடையே போதிய தூரம் இருக்கிறதா என்று பாருங்கள். பானை ஆடினால் கொதிக்கும் குழம்பு காலில்தான் விழும்.

வாங்கிய பிறகு தோம்பைப் படுக்க வைக்காதீர்கள். காற்றுப் புகாத அலமாரிக்குள் வைக்காதீர்கள். ரப்பர் குழாயை 2 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். விரிசல் கண்டாலோ எலி கடித்திருந்தாலோ அன்றைக்கே மாற்ற வேண்டும். கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சவர்க்காரத் தண்ணீரைத் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது தற்கொலைக்குச் சமம். தீ மஞ்சளாக எரிந்து பானையில் கரி பிடித்தால் பர்னரைக் கழற்றித் துப்புரவு செய்யுங்கள்.

கேஸ் வாடை அடித்தால் என்ன செய்வது? இந்த வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு பரவித் தேங்கும். ஆகவே சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஒரு சிறு பொறியே போதும். தோம்பை மூடுங்கள். கதவு சன்னலைத் திறங்கள். எல்லாரையும் வெளியே அனுப்புங்கள். வெளியே போன பிறகு 999க்குப் போன் செய்யுங்கள்.

4. கரண்ட் அடுப்பு

இதில் இரண்டு வகை முக்கியம். இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரத்தின் அடியிலேயே சூடு பிறக்கிறது. கேஸில் ஏறக்குறைய பாதிச் சூடு பக்கவாட்டில் வீணாகும். இதில் பத்தில் எட்டுப் பங்கு பாத்திரத்துக்குப் போகும். தீ இல்லை, எரிவாயு இல்லை. நெஞ்சுக்கு இதுவே நல்ல அடுப்பு. ஆனால் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் இதில் வேலை செய்யும். கடைக்குப் போகும் முன் ஒரு காந்தத்தை எடுத்து உங்கள் பாத்திரங்களின் அடியில் வைத்துப் பாருங்கள். அலுமினியம், பித்தளை, மண்சட்டி ஒட்டாது. தட்டையான இரும்புத் தோசைக்கல் ஒட்டும். பாத்திரம் எல்லாம் புதிதாக வாங்க வேண்டுமானால் அந்தச் செலவையும் அடுப்பு விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இயங்கும் இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து 60 சென்டிமீட்டராவது தள்ளி நிற்க வேண்டும்.

மற்றொன்று கண்ணாடித் தட்டு சிவந்து எரியும் இன்ஃப்ராரெட் அடுப்பு. தட்டையான அடி உள்ள எந்தப் பாத்திரமும் இதில் ஏறும். ஆனால் அணைத்த பிறகும் தட்டு நெடுநேரம் சூடாகவே இருக்கும். பிள்ளைகள் கை வைத்துவிடுவார்கள்.

இனி வயரிங். நம் சுவரில் உள்ள பிளக் 13 ஆம்பியர் தாங்கும். அதாவது ஏறக்குறைய 3000 வாட். அடுப்பு 2000 வாட், கெட்டில் 2000 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டால் 4000 வாட் ஆகிவிடும். வயர் உருகித் தீப்பிடிக்கும். கரண்ட் அடுப்பை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். பழைய லயத்து வீடானால் முதலில் வயரிங்கை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் காட்டுங்கள்.

செலவு எது குறைவு என்று கேட்பீர்கள். 2000 வாட் அடுப்பு முழுச் சூட்டில் அரை மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். உங்கள் பில்லில் ஒரு யூனிட் என்ன விலை என்று பாருங்கள். கேஸ் தோம்பு மாற்றிய தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் வீட்டுக் கணக்கு உங்களுக்கே தெரிந்துவிடும்.

5. ஒவன்

கேக், பிஸ்கட் சுடும் மேசை ஒவனைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். அதன் வெளிப்பக்கமும் சுடும். மைக்ரோவேவ் மிச்சச் சோற்றைச் சூடாக்க வசதியானது. ஆனால் குழந்தையின் பால் புட்டியை அதில் வைத்தால் ஓரிடம் ஆறியும் ஓரிடம் கொதித்தும் இருக்கும். வெந்நீரில் வைத்துச் சூடாக்குவதே நல்லது.

யாருக்கு எது?

சன்னல் உள்ள அடுப்பங்கரை, பெரிய குடும்பம், பழைய பாத்திரங்கள் என்றால் கேஸ் போதும். ஆஸ்துமாப் பிள்ளை உள்ள வீட்டிலும், காற்றோட்டம் குறைந்த தாமான் பிளாட்டிலும் வயரிங் சரியாக இருந்தால் இண்டக்‌ஷன் நல்லது. மறதி உள்ள முதியவர் தனியாகச் சமைக்கும் வீட்டுக்கும் தானாக அணையும் கரண்ட் அடுப்பே பாதுகாப்பு. இரண்டும் வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் அன்றாடம் கரண்டிலும், பெரிய சமையலுக்குக் கேஸிலுமாகப் பிரித்துக்கொள்ளலாம். எதுவானாலும் அடுப்பைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயர மேசையில் வையுங்கள். பாத்திரக் கைப்பிடியை உள்பக்கம் திருப்பி வையுங்கள்.

தீப்புண் பட்டால்

வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். கிச்சாப், பற்பசை, எண்ணெய், மை எதுவும் தடவ வேண்டாம். தடவினால் புண்ணின் ஆழம் தெரியாது, கிருமியும் சேரும். சுத்தமான துணியால் மூடிக் கிளினிக்குக்கு வாருங்கள். முகம், கை, மறைவிடம் வெந்தாலோ, குழந்தைக்குப் பட்டாலோ, புண் உள்ளங்கையைவிடப் பெரிதானாலோ தாமதம் கூடாது. எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து மூடியைப் போட்டு மூடுங்கள்.

கடைசியாக ஒன்று. உடைந்த சன்னல், புகை போக வழியில்லாத அடுப்பங்கரை, உரிந்து தொங்கும் வயர் இவற்றை உங்கள் தலையெழுத்து என்று விட்டுவிடாதீர்கள். தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் 446ஆம் சட்டம் 1990இல் வந்தது. தோட்டக் குடியிருப்புக்குப் போதிய தண்ணீரும் மின்சாரமும் கொடுப்பதும், கட்டடத்தைப் பழுது பார்த்து வைப்பதும் முதலாளியின் கடமை என்கிறது அது. வீட்டு எண்ணையும் பழுதையும் தேதியோடு எழுதித் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும், எழுதியது நிற்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அது வெறும் அடுப்புப் புகைதான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். காச நோயும் அப்படித்தான் தொடங்கும். கிளினிக்குக்கு வந்து காட்டுங்கள். இந்தப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள், அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கும் பாட்டிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் நலம் நாடும்,
தோட்டத்து டிரசர்