பேய்ப்படமும் பேரண்டமும்



ஒரே படத்துக்குள் நாலஞ்சு பேய்க்கதை இருந்து, அதை வேற வேற இயக்குநர்கள் எடுத்திருந்தா எப்படி இருக்கும்? சும்மா வரிசையா ஒட்டினால் அது படம் ஆகாது. மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து எல்லாம் கதம்பம் ஆக நார் வேணும் இல்லையா? அதுபோல இந்தக் கதைகளைக் கட்டவும் ஒரு கதை வேணும்.

1945-இல் இங்கிலாந்தின் ஈலிங் ஸ்டுடியோ 'டெட் ஆஃப் நைட்' என்ற படத்தை வெளியிட்டது. கதைகள் 5. இயக்குநர்கள் 4 பேர்: கவல்கான்டி, சார்லஸ் கிரைட்டன், பேசில் டியர்டன், ராபர்ட் ஹேமர்.

நார்க்கதை இதுதான். கட்டடத்துக்கு வரைபடம் போடும் ஒருவர் ஒரு கிராமத்து வீட்டுக்கு வருகிறார். "உங்க எல்லாரையும் நான் கனவுல பார்த்திருக்கேன்" என்கிறார். உடனே அங்கிருப்பவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒரு கதையில் கண்ணாடிக்குள் வேற அறை தெரியுது. இன்னொன்றில் பேசும் பொம்மை, தன்னைப் பேச வைக்கிறவரையே ஆட்டி வைக்குது. கடைசியில் அவர் திடுக்குனு விழிக்கிறார். எல்லாம் கனவு! அப்போ போன் வருது, ஒரு வீட்டுக்குக் கூப்பிடுறாங்க. போய் இறங்கினா அதே வீடு! வளையல் மாதிரி, படத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை.

அமெரிக்காவில் வெளியிட்டபோது 2 கதைகளை வெட்டிட்டாங்க. ஆனா முடிவில் எல்லாக் கதையின் ஆட்களும் கலந்து வருவார்கள். வெட்டின கதையின் ஆட்களைப் பார்த்து, இவங்க யாருன்னு தெரியாமல் ஜனங்க குழம்பினார்கள்.

இனிமேல்தான் ஆச்சரியம். ஹாயில், போண்டி, கோல்டு என்ற 3 விஞ்ஞானிகள் இந்தப் படத்தைப் பார்த்தார்கள். 'அண்டமும் இப்படித் தொடக்கமும் முடிவும் இல்லாமல் இருந்தா?' என்ற கேள்வி கோல்டுக்கு வந்தது. அதிலிருந்து 1948-இல் 'நிலைத்த அண்டம்' என்ற கொள்கை பிறந்தது. அண்டம் விரிய விரிய, இடைவெளியில் புதுப் பொருள் உண்டாகி, எப்பவும் ஒரே மாதிரி இருக்கும் என்பது அதன் கருத்து. ஆனால் வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் வரும் நுண்ணலைகளைப் பென்சியாஸ், வில்சன் இருவரும் கண்டறிந்து 1965-இல் வெளியிட்டார்கள். அது பெருவெடிப்புக்குச் சான்றானது. அழகான கொள்கை தோற்றுப்போச்சு.

படத்தில் எனக்குப் பிடிக்காதது ஒண்ணு உண்டு. ஒவ்வொரு கதைக்கும் காரணம் கேட்டு விளக்கம் சொல்லும் ஒரு டாக்டர் வருகிறார். கடைசியில் அவரைத்தான் கழுத்தை நெரிக்கிறாங்க! காரணம் கேட்டவருக்கா இந்தத் தண்டனை?

நம்ம ஊர்லயும் புளியமரத்துப் பேய்க்குப் பயந்து, சாயங்கால வகுப்புக்கு வராமல் நின்ன பிள்ளைங்க இருக்காங்க. பேய்க்கு ஒண்ணும் நஷ்டமில்லை. போனது அவங்க கணக்குப் பாடம்தான். பயமா இருந்தாலும் சரி, அழகா இருந்தாலும் சரி, "சான்று எங்கே?" என்று கேட்போம். பேய்ப்படத்தை மட்டும் ஜாலியா பார்ப்போம்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி